புலி படம் இருக்கட்டும், கொன்றைப் பூவை எண்ணி வரை

கேள்வி: அக்கா, நான் பெரம்பூர்லேர்ந்து எழுதுறேன். பி.எஸ்சி ஜுவாலஜி முடிச்சிருக்கேன், சின்ன வயசுலேர்ந்தே வரைவேன். அமெரிக்காவுல கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி மான்டரே பேல இருக்கிற சயின்ஸ் இல்லஸ்ட்ரேஷன், அதாவது அறிவியலுக்காக செடி, விலங்கெல்லாம் துல்லியமா வரையற, சர்டிபிகேட் கோர்ஸுக்கு அப்ளை பண்ண ஆசை. ஆர்ட்ஸ் காலேஜ் பக்கமே போனதில்ல. அப்ளை பண்றப்ப அனுப்புற படத் தொகுப்புல, அதான் போர்ட்ஃபோலியோல, என்னோட புலி, மயில் படமெல்லாம் வைக்கலாமா?

பதில்: ஆர்ட்ஸ் காலேஜ் போகலைன்னு தயங்காதம்மா. மெட்ராஸ்ல ஓவியப் பள்ளி ஆரம்பிச்சதே 1850லதான், அதுக்கு ரொம்ப முன்னாடியே ரங்கையாங்கற ஓவியர் இங்க ராபர்ட் வைட்டுங்கற வெள்ளைக்கார தாவரவியலாளருக்காக செடி செடியா வரைஞ்சுட்டிருந்தார், அவருக்கு அப்புறம் கோவிந்து வரைஞ்சார், அந்தக் கோவிந்து பேரையே ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு வச்சார் வைட். நம்ம ஊரு கை இந்த வேலைக்குப் புதுசு இல்ல.

புலியும் மயிலும் நீ போட்டோ பாத்து வரைஞ்சதுன்னா ஒண்ணு மட்டும் வை, போதும். அழகா வரைய வருதாங்கறதோட, நிஜப் பொருளை முன்னாடி வச்சு பாக்கத் தெரியுதாங்கறதுதான் இந்தத் துறையில முக்கியம். சித்திரை வைகாசில தெருவுல உதிர்ந்து கிடக்குமே சரக்கொன்றை, அதுல ஒரு முழுப் பூவை எடுத்து வெள்ளைத் தாள் மேல வச்சு லென்ஸ்ல பாரு. மகரந்தத் தாள், அதான் பூ நடுவுல மகரந்தத்தைத் தாங்கிட்டு நிக்கிற காம்பு, பத்து இருக்கும், ஆனா பத்தும் ஒரே மாதிரி இருக்காது, மூணு நீளமா வளைஞ்சு மேல தூக்கிட்டு நிக்கும், நாலு அதைவிடக் குட்டை, மீதி மூணு ரொம்பப் பொடிசு. நான் ஆரம்பத்துல அந்தப் பொடிசு மூணையும் விட்டுட்டு ஏழே வரைஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தேன், தாவரவியல் சார் ஒருத்தர் ஒண்ணுமே சொல்லாம பென்சிலால பூவைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினார், அன்னிக்கு ராத்திரியே திரும்ப வரைஞ்சேன். அதுக்கப்புறம் எண்ணாம எதையும் நான் வரைஞ்சதில்ல.

நீ ஜுவாலஜி, அதனால ஜன்னலோரம் செத்துக் கிடக்குற தட்டானையும் விடாத, றெக்கை நரம்பை ஒண்ணொண்ணா பின்தொடர்ந்து மெல்லிசான இங்க் பேனாவால வரை, நிழலுக்கு கோடு போடாம புள்ளி புள்ளியா வை, வெளிச்சம் இடது பக்கம் மேலேர்ந்து விழுற மாதிரி வச்சுக்கோ, அதுதான் இந்தத் துறையில வழக்கம். பக்கத்துல ஸ்கேல் பார், அதான் நிஜ அளவு எவ்வளவுன்னு காட்டுற சின்னக் கோடு, கண்டிப்பா போடு. ஸ்கெட்ச் புக்ல அளவெல்லாம் கிறுக்கி அழிச்சு வச்ச பக்கத்தையும் ரெண்டு சேத்து அனுப்பு, நீ எப்படி யோசிக்கிறேன்னு தெரியறது அதுலதான்.

அப்ளிகேஷனோட உன்னைப் பத்தி எழுதித் தர்ற ஸ்டேட்மென்ட்ல "எனக்கு இயற்கைன்னா உயிர்"னு ஆரம்பிக்காத. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல எந்தப் பறவையை எத்தனை நாள் உக்காந்து பாத்த, அதை எழுது. சிபாரிசு லெட்டர் கேக்க உன் லேப்ல மைக்ரோஸ்கோப் பக்கத்துல நின்ன பேராசிரியர்தான் சரியான ஆளு.

இன்னொண்ணு, வேற யுனிவர்சிட்டிலயும் இது மாதிரி சர்டிபிகேட் இருந்தா பாரு, ஆனா பார்ட் டைமா படிக்கிற கோர்ஸுக்கு பொதுவா எஃப்-1 ஸ்டூடன்ட் விசா கிடைக்காது. எங்க அப்ளை பண்ணாலும் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி கோர்ஸ் இப்ப நடக்குதா, விசாவுக்கு பேப்பர் தருவீங்களான்னு ஒரு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கி வச்சுக்கோ. வீட்ல பணம் பேசறதும் அந்த பதில் வந்ததுக்கு அப்புறம் இருக்கட்டும்.