பத்து நாளில் ஞானஸ்நானம்

அன்புள்ள ஐயா,

எனக்கு மண்டபம். இந்துக் குடும்பம். தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கப் பெண்ணோடு தை மாதம் கல்யாணம். ஞானஸ்நானம் கேட்டுப் போனால், மறைக்கல்வி படித்துவிட்டு ஈஸ்டருக்கு வாங்கிக்கொள் என்கிறார் சாமியார். பத்து நாளில் கொடுக்கிற பங்குக் கோயில் ஏதும் உண்டா? பேரை மாற்ற வேண்டுமா?

எஸ்.

தம்பி எஸ்.,

பேரா? பிடித்திருந்தால் ஒரு புனிதர் பேரைச் சேர்த்துக்கொள். ஆதார் கார்டைத் தொட வேண்டாம். பத்து நாள் பங்கு தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

கல்யாணத்துக்கு ஞானஸ்நானம் வாங்கியே தீர வேண்டும் என்று யார் சொன்னது? இந்துவாகவே இருந்து அந்தப் பெண்ணுக்கு மாதா கோயிலில் வைத்துத் தாலி கட்டலாம். பங்குச் சாமியார் வழியாக ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், விதிவிலக்கு வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் சபைக் கணக்கில் கல்யாணம் செல்லாது. தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க முடிந்ததெல்லாம் செய்வேன் என்று பெண் வாக்குக் கொடுப்பாள். அதை உன்னிடமும் சொல்லிவிடுவார்கள். மாமியார் வீட்டு வாயை அடைக்கவா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வாய்?

ஓரியூருக்குப் போயிருக்கிறாயா? உன் மாவட்டம்தான். மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, போர்ச்சுகலில் இருந்து வந்த சாமியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) போட்ட நிபந்தனை, மனைவியரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள் என்பது. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்குச் சொந்தம். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தரை ஓரியூரில் வெட்டினார்கள். எதுவும் கேட்காமல் தண்ணீரை ஊற்றியிருந்தால் கழுத்து தப்பியிருக்கும். அவர் ரத்தம் பட்டதென்று அங்கே செம்மணலை முடிந்துகொண்டு போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு தெரியுமோ.

உனக்கே மனதுக்குள் ஆசை இருக்கிறதென்றால், சாமியார் சொன்ன வழிதான் வழி. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து முதல் ஞாயிறு உன் பேர் எழுதுவார்கள். 3, 4, 5-ம் ஞாயிறுகளில் உனக்காகச் சபை மன்றாடும். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் ஞானஸ்நானம், எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல், முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை மூன்றும் ஒரே பூசையில். ஞானத்தகப்பன் ஒருவர் போதும். 16 வயது நிறைந்து, உறுதிபூசுதல் பெற்று, ஒழுங்காகக் கோயிலுக்கு வருகிற கத்தோலிக்கராக இருக்கட்டும். துபாயில் இருக்கிற பணக்கார மாமா வேண்டாம்.

அன்றைக்குத் தலைக்கு எண்ணெயோ ஜெல்லோ வைக்காதே. தண்ணீர் முடியோடு வழுக்கிப் போய்விடும். தோலில் பட்டு ஓட வேண்டும். மூன்று தரம் ஊற்றுவார், முடிகிறவரை குனிந்தே நில். பிறகு ஞானஸ்நான ஏட்டில் உன் பேரும் அப்பா பேரும் எழுத்துப் பிசகாமல் ஏறியிருக்கிறதா என்று பார். இங்கே பிசகினால் பின்னால் சான்றிதழ் கேட்கும்போது ஆயர் இல்லம் வரை அலைய வேண்டிவரும்.

கல்யாண விஷயமாக நாளைக்கே சாமியாரைப் பார். தை தவறினால் தவக்காலம் வந்துவிடும். அதில் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டார்கள்.