இன்ஸ்ப்ரூக்கில் மூன்று இரவு, பதின்ம வயதுப் பிள்ளைகளோடு: கேள்வி பதில்

ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு நகரத்தில் தங்கி, வளர்ந்த பிள்ளைகளோடு மூன்று நாள் சுற்ற நினைப்பவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஊர் ஒன்றுதான்: ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத் தலைநகர் இன்ஸ்ப்ரூக். விசா மறுப்பு, விமானக் கட்டணம் போன்றவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை.

சென்னையிலிருந்து: சார், பையனுக்கு 17, பெண்ணுக்கு 14. மே கடைசி வாரம் மூன்று இரவு. எந்த நாள் எதைப் பார்ப்பது என்று ஒரு அட்டவணை போட்டுத் தர முடியுமா?

அட்டவணை தர மாட்டேன், காரணம் சொல்கிறேன். இந்த ஊரில் நாளைத் தீர்மானிப்பது வானிலை. மூன்று நாளில் ஒரே ஒரு மலை, ஒரே ஒரு அதிகாலை. அது எந்த நாள் என்பதை அங்கே போய், அன்று காலையில் முடிவு செய்யுங்கள்.

காலை ஏழரைக்கு மூன்றைப் பாருங்கள். ஒன்று, ஊருக்கு வடக்கே நிற்கும் நார்ட்கெட்டே மலையின் நேரடி கேமரா. உச்சி தெரிகிறதா? இரண்டு, கேபிள் கார் ஓடுகிறதா என்ற அன்றைய அறிவிப்பு. மூன்று, மணிவாரி வானிலை. மூன்றும் சரியென்றால் எட்டரைக்கு, மலை ரயில் புறப்படும் காங்கிரஸ் நிலையத்தில் இருங்கள். வெயில் மாதங்களில் மதியத்துக்குமேல் முகட்டில் மேகம் திரண்டு இடி இறங்கும். பத்து மணிக்கு எழுந்து சாவகாசமாகப் போனால், காசு கொடுத்து வெள்ளைப் புகைக்குள் நின்றுவிட்டு வருவீர்கள்.

நகரம் 574 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காங்கிரஸ் நிலையத்திலிருந்து, பழனி விஞ்ச் போலக் கம்பி இழுக்கும் ரயில், எட்டே நிமிடத்தில் ஹுங்கர்பூர்க் கொண்டுபோய் விடும். 2007-இல் திறந்த அந்த நிலையங்களை வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீத். உறைந்த பனி வழிந்து நின்றது போன்ற கண்ணாடிக் கூரைகள். உங்கள் பையனுக்குக் கட்டடக் கலையில் ஆர்வம் இருந்தால் நான்கு நிலையத்திலும் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹுங்கர்பூர்க்கிலிருந்து கேபிள் காரில் ஸேகுரூபே (1905 மீ), இன்னொன்றில் ஹாஃபெலேகார் (2256 மீ). மேல் நிலையத்திலிருந்து 2334 மீட்டர் உச்சிக்குக் கால் மணி நேர நடை. தெற்கே காலடியில் நகரமும் விமான ஓடுபாதையும்; திரும்பி வடக்கே பார்த்தால் ஒரு வீடுகூட இல்லாத கார்வெண்டல் பாறை மலைகள்.

1000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஆகவே கீழே 22 என்றால் மேலே 11, அதன்மேல் காற்று. ஆளுக்கொரு காற்றுத்தடுப்பு ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன். மே மாதம் முகட்டில் பனி கிடக்கும். அடியில் பள்ளம் வெட்டிய ஷூ வேண்டும். கான்வாஸ் ஷூவும் செருப்பும் ஸேகுரூபே மொட்டைமாடி வரைக்கும்தான்.

ஒரு எச்சரிக்கை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பராமரிப்புக்காகக் கேபிள் காரைச் சில நாட்கள் நிறுத்துவார்கள். விமான டிக்கெட் எடுக்கும் முன்பே அந்தத் தேதிகளைப் பாருங்கள்.

லண்டனிலிருந்து: இன்ஸ்ப்ரூக் கார்ட் வாங்கினால் லாபமா?

மலை ரயில், அருங்காட்சியகம், பேருந்து எல்லாம் ஒரே அட்டையில் அடங்கும் சுற்றுலாச் சீட்டு அது. மலை ஏறும் நாளில் வாங்கினால் லாபம். வந்து இறங்கிய மாலையே வாங்கினால் நஷ்டம். 24, 48, 72 என்பது முதல் உபயோகத்திலிருந்து தொடர்ந்து ஓடும் மணிக்கணக்கு. ஹாஃபெலேகார் போய்வரும் டிக்கெட் ஒன்றே 24 மணி கார்டின் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கூடவே வாட்டென்ஸ் ஊரின் ஸ்வரோவ்ஸ்கி படிக உலகம் என்ற காட்சியகத்தையும் பார்த்தால் கார்டுதான் மலிவு. ஆனால் ஒவ்வொரு மலைக்கும் ஒரு முறை ஏற்ற இறக்கம்தான். இரண்டு இரவோ அதற்குமேலோ தங்கினால் பல விடுதிகள் வெல்கம் கார்ட் என்று ஒன்றை இலவசமாகத் தரும். அதில் நகரப் பேருந்து அடங்கும். ஆகவே பேருந்துக்காக மட்டும் பெரிய கார்ட் வாங்க வேண்டாம். விடுதியை உறுதி செய்யும் முன் தருவார்களா என்று கேளுங்கள்.

சூரிச்சிலிருந்து: அண்ணா, நாங்கள் சூரிச்சில இருக்கிறம். பிள்ளையளுக்கு 13ம் 16ம். காரில போறதோ ரயிலில போறதோ நல்லம்?

ரயில். ரெயில்ஜெட் என்ற ஆஸ்திரிய விரைவு ரயிலில் மாறாமல் மூன்றரை மணி நேரம், ஆர்ல்பெர்க் மலைப்பகுதி வழியாக. அந்த வழியே பாதிச் சுற்றுலா. ஆஸ்திரிய ரயிலில் 6 முதல் 14 வயது வரை பாதிக் கட்டணம். 15 முடிந்தால் பெரியவர் டிக்கெட். ஆக, மூத்தவருக்கு முழுக் கட்டணம். காரில் போனால் ஆஸ்திரிய நெடுஞ்சாலைச் சுங்கச் சீட்டான வினியெட் தனி, ஆர்ல்பெர்க் சுரங்கக் கட்டணம் தனி, பழைய நகரத்தருகே நிறுத்தக் காசு தனி. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை சாலையில் பனி இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். ஊருக்குள் காருக்கு வேலையே கிடையாது.

மியூனிக்கிலிருந்து: எதற்கு மூன்று இரவு? மியூனிக்கிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம். காலையில் போய் மலை ஏறி, பழைய நகரத்தின் புகழ்பெற்ற தங்கக் கூரை மாடத்தைப் பார்த்துவிட்டு இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். விடுதிச் செலவு மிச்சம்.

எல்லாரும் செய்யும் கணக்கு இது. நான்கு பேருக்கு மலிவு டிக்கெட்டை இரண்டு மாதம் முன்பே எடுப்பீர்கள். அது அந்த ரயிலுக்கு மட்டும் செல்லும். அன்று மலை மேகத்துக்குள் இருந்தால்? அல்லது ஃபியோன் அடித்தால்?

ஃபியோன் என்பது தெற்கே பிரென்னர் கணவாய் வழியாக இறங்கி வரும் உலர்ந்த வெப்பக்காற்று. தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் ஜெர்மனில் அதே பெயர்தான். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதிகம். அன்றைக்கு மலை கைக்கெட்டும் தூரத்தில் தெளிவாகத் தெரியும். கேபிள் கார் மட்டும் ஓடாது, முகட்டில் காற்று அப்படி. அதனால்தான் கேமராவை மட்டும் நம்பாதீர்கள், அன்றைய இயக்க அறிவிப்பையும் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மியூனிக் நண்பர் மறுபடியும்: நான் மலிவு டிக்கெட் எடுக்கவே போவதில்லை. முந்தைய இரவு வானிலை பார்த்துக் கிளம்புவேன். உங்கள் விதியைத்தானே பின்பற்றுகிறேன்?

ஸ்டுட்கார்ட்டிலிருந்து இன்னொருவர்: அவர் சொல்வதுதான் சரி. ஜெர்மனி முழுக்க வட்டார ரயிலில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் செலவே இல்லையே.

மியூனிக்காரர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வீடு அங்கேயே இருந்து, எந்தச் சனிக்கிழமையும் கிளம்பலாம் என்றால் நீங்கள் வானிலையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அது சரியான வழி. சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ தேதி குறித்து வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் அந்த ஒரு நல்ல காலையை வாங்கத்தான் மூன்று இரவு கொடுக்கிறார்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் சொன்னவருக்குத் திருத்தம்: அது எல்லை ஊரான கூஃப்ஸ்டைன் வரைதான் செல்லும், அதுவும் வட்டார ரயிலில் மட்டும். நேர் விரைவு ரயிலில் ஏறினால் செல்லாது. கூஃப்ஸ்டைனிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்குத் தனி டிக்கெட். மொத்தப் பயணமும் நீளும். திரும்பும்போது ஜெர்மன் எல்லையில் போலீஸ் ரயிலுக்குள் வந்து சோதிக்கலாம். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஒருநாள் பயணத்தில் இழப்பது என்ன என்பதையும் பாருங்கள். மலைக்கே நான்கு மணி நேரம் போகும். மீதியில் பழைய நகரத்தைத்தான் ஓடிப் பார்ப்பீர்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கிற இன்ஸ்ப்ரூக் அதற்கு வெளியேதான் இருக்கிறது. அடுத்த கேள்வியும் அதைத்தான் கேட்கிறது.

சிங்கப்பூரிலிருந்து: மகனுக்கு 15. தேவாலயம், அரண்மனை என்றாலே முகம் சுருங்கிவிடும். என்ன காட்டுவது?

நல்ல கேள்வி. லாண்ட்ஹவுஸ் சதுக்கத்துக்கு மாலை ஐந்து மணிக்குமேல் கூட்டிப்போங்கள். மாநில அரசு அலுவலகத்தின் முன்னால், வளைந்து நெளிந்த கான்கிரீட் தரை. உள்ளூர்ப் பிள்ளைகள் ஸ்கேட்போர்டோடு அங்கேதான் இருப்பார்கள், யாரும் துரத்துவதில்லை. அடுத்தது செயற்கைச் சுவர்களில் பாறை ஏறப் பழகும் ஏறுதல் மையம்: 2018-இல் பாறை ஏறுதல் உலகப் போட்டி நடந்த ஊர் இது. பாறை ஏறும் ஷூ வாடகைக்குக் கிடைக்கும். கயிறில்லாத போல்டரிங் பகுதியில் புதியவரும் மெத்தைமேல் பழகலாம். கயிற்றுப் பகுதிக்குப் பயிற்சி வேண்டும், அங்கே விளையாட்டுக்கு ஏறக் கூடாது.

பிறகு பெர்கிசெல் குன்றின் பனிச்சறுக்குத் தாவல் மேடை. 1964, 1976 இரண்டு குளிர்கால ஒலிம்பிக்கிலும் பெரிய மேடைத் தாவல் போட்டி இந்தக் குன்றில்தான் நடந்தது. இப்போதைய கோபுரம் ஜஹா ஹதீத் கட்டியது. மேலே தொடக்கக் கம்பி அருகே நின்று கீழே பாருங்கள். தாவுகிறவர் கண்ணுக்கு நேராகத் தெரிவது வில்டன் பகுதிக் கல்லறைத் தோட்டம். அந்த ஒரு பார்வை எந்தப் பிள்ளைக்கும் மறக்காது.

தேவாலயத்தையும் முழுக்க விட வேண்டாம். ஹோஃப்கிர்ஹேயில் பேரரசர் முதலாம் மாக்சிமிலியனின் கல்லறையைச் சுற்றி ஆள் உயரத்துக்கும் பெரிய 28 வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. கல்லறைக்குள் அவர் இல்லை, வீனர் நோய்ஸ்டாட் என்ற வேறு ஊரில் அடக்கமாகிவிட்டார். இதைச் சொல்லிக் கூட்டிப்போனால் அரை மணி நேரம் நிற்பான்.

டொராண்டோவிலிருந்து: ஹாஃபெலேகார் டிக்கெட்டை ஆன்லைனில் எந்தத் தேதிக்கு எடுக்கலாம்?

எடுக்க வேண்டாம். மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

பெங்களூரிலிருந்து: அதே பயணத்தில் ஒருநாள் யுங்ஃப்ராவ்யோஹ் போய்வர முடியுமா?

முடியாது. அது சுவிட்சர்லாந்தில், சூரிச்சையும் தாண்டி. போகவே ஒரு நாள் ஆகும். உயரமும் 3454 மீட்டர். பனியாறுதான் வேண்டுமென்றால் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து பேருந்திலேயே ஷ்டூபாய் பனியாற்றுக்குப் போகலாம். 3210 மீட்டரில் பார்வை மேடை இருக்கிறது. ஆனால் அப்படிப் போனால் நார்ட்கெட்டே வேண்டாம். ஒரே மலை.

மதுரையிலிருந்து: ஷெங்கன் விசாவுக்குப் பிள்ளைகளுக்கும் கைரேகை உண்டா?

12 வயது முடிந்தால் உண்டு, கட்டணமும் பெரியவர் கட்டணம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. அதிக இரவு தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குமேல் தூதரகத்தையே கேளுங்கள்.

துபாயிலிருந்து: மலைக்குப் போக எந்த நாளை முன்பதிவு செய்வது நல்லது? செவ்வாயா, புதனா?

மூன்றாவது முறையாக இதே கேள்வி வருகிறது. கிழமை முக்கியமில்லை. அன்று காலை ஏழரைக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதற்குமேல் முன்பதிவுக் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன்.

பாரிசிலிருந்து: 16 வயது மகளைத் தனியாக விடலாமா?

நகரத்தில் பகலில் விடலாம். மலையில் விடக் கூடாது. ஹாஃபெலேகாரிலிருந்து கிழக்கே போகும் கோத்தே பாதை ஆரம்பத்தில் சாதுவாகத் தெரியும். ஜூன் வரை அதன் ஓடைகளில் கெட்டிப் பனி கிடக்கும், சறுக்கினால் பிடிக்க எதுவும் இல்லை. ஆஸ்திரியாவில் பாதைப் பலகையில் சிவப்பு என்றால் நடுத்தரக் கடினம், கறுப்பு என்றால் கடினம். கறுப்புப் பக்கம் போகவே வேண்டாம். மலை மீட்பு எண் 140, பொது அவசர எண் 112. இரண்டையும் அவள் தொலைபேசியில் ஏற்றுங்கள். கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று மேல் நிலையப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தவறவிட்டால் இருட்டில் நடந்து இறங்க வேண்டியதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து: நாங்கள் சைவம். முட்டை பரவாயில்லை. ஞாயிறு இரவு வந்து சேர்கிறோம்.

முட்டை சாப்பிடுவதால் பிழைத்தீர்கள். காஸ்பாட்ஸ்ல்ன் என்பது முட்டை மாவுத் துண்டுகளில் சீஸ் உருக்கி வறுத்த வெங்காயம் தூவியது. ஷ்லுட்ஸ்க்ராப்ஃபென் பசலைக்கீரை வைத்த கொழுக்கட்டை மாதிரி. சீஸ் உருண்டை காஸ்ப்ரெஸ்க்னோடெல் சைவம்தான். ஆனால் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் மிதந்து வரும். "ரிண்ட்சுப்பே" என்று பட்டியலில் இருந்தால் அது மாட்டுச் சாறு; சாலட்டோடு தரச் சொல்லுங்கள். க்ரோஸ்டல் உருளைக்கிழங்கு வறுவலில் இறைச்சி இருக்கும், "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்" (இறைச்சி இல்லாமல், உப்பிட்ட பன்றி இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். லேபர்கேஸ் என்ற பெயரில் சீஸ் இருக்கும், தட்டில் முழுக்க இறைச்சி. கைசர்ஷ்மார்ன் இனிப்பில் போடும் உலர்திராட்சையைச் சில இடங்களில் ரம்மில் ஊறவைப்பார்கள். பிள்ளைகளுக்கு "ஓனே ரோசீனென்" என்று சொல்லி வாங்குங்கள்.

ஞாயிறன்று ஊரில் கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும். இறங்கியதும் பாலும் ரொட்டியும் தயிரும் அங்கேயே வாங்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், குழாயில் வருவது மலை ஊற்றுநீர்.