கைவிட்ட வீடியோ – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். சென்ற மாதம் வீட்டுக் கூரையை மாற்றியபோது அம்மாவின் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் தகரம் கிடைத்தது. உள்ளே நான்கு சின்ன மினி-டீவி (MiniDV) வீடியோ கசெட்டுகள். மாமாவும் அவருடைய நண்பர்களும் நடத்திய ரொக் இசைக்குழுவின் வீடியோவுக்காக 2004 ஆகஸ்டில் எடுத்தவை அவை. கோயில் திருவிழாக்களில் விடியும்வரை சினிமாப் பாட்டு வாசித்துச் சேர்த்த காசில் சொந்தமாக ஒரு தமிழ்ப் பாட்டைப் பதிவு செய்து, அதற்கு இரண்டு நாள் படம் பிடித்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்து பார்த்தபோது பாடகருக்கும் மாமாவுக்கும் பிடிக்கவில்லை. அப்படியே கைவிட்டுவிட்டார்கள். அந்த டிசம்பரில் சுனாமி வந்தது, பிறகு சண்டை. குழு கலைந்துபோனது. பாடகர் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார்.

நண்பனின் பழைய கமராவில் இரண்டு கசெட்டுகளைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன். டச்பே கடற்கரையில் நான்கு பேரும் கறுப்புத் தோல் ஜக்கெட் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஓரிடத்தில் ஒரு மான் வந்து பாட்டு எழுதிய தாளைத் தின்கிறது. பாட்டுத்தான் அணில் கத்துவதுபோல் கீச்சுக் குரலில் கேட்கிறது. கசெட் கெட்டுவிட்டதா? மூன்றாவது கசெட்டில் கிண்ணியா மிதவைப் பாதையில் ஆட்கள் ஏறி இறங்குவது ஆறு நிமிடம் இருக்கிறது. அதற்கும் பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் இதைப் புதிதாக வெட்டி ஒட்டி யூடியூபில் போட விரும்புகிறேன். மாமா "எரித்துவிடு" என்கிறார். பாடகரும் வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டார். ஆனால் கன்ஸ் அன் ரோசஸ் குழு 1989இல் எடுத்துப் பூட்டிவைத்த "இட்ஸ் ஸோ ஈஸி" வீடியோ 2018இல் வெளிவந்து எத்தனை பேர் மகிழ்ந்தார்கள்? இங்கே ஒரு தமிழ் ரொக் குழு இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. வரலாறு இரண்டு பேருடைய கூச்சத்துக்காக அழிய வேண்டுமா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த அணிலைப் பார்த்துவிடுவோம். கசெட் கெடவில்லை. படப்பிடிப்பில் பாட்டை வேண்டுமென்றே இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். பாடகரும் அந்த வேகத்துக்கே வாயசைத்திருப்பார். பிறகு படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தும். ஆனால் அலையும் தலைமயிரும் கனவில்போல மெதுவாக அசையும். பிலிமில் நொடிக்கு 48 சட்டங்கள் (ஃபிரேம்கள்) எடுத்து 24இல் ஓட்டிச் செய்கிற வித்தை இது. நம் ஊரில் புழங்கிய வீடியோ கமரா நொடிக்கு 25 சட்டங்கள்தான் எடுக்கும். ஆனால் ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு அரைகளாகப் பதிவதால் கைக்கு 50 அரைச்சட்டங்கள் கிடைக்கும். அதை நம்பித்தான் துணிந்திருக்கிறார்கள். 2004இல் திருகோணமலையில் இருந்துகொண்டு இதைத் தெரிந்துவைத்திருந்தவர் யார் என்று மாமாவிடம் கேளுங்கள். வீடியோவைப் பற்றிப் பேச மறுத்தாலும் இதைப் பற்றிப் பேசுவார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது அவசரமான விஷயம். கசெட்டை இனி ஓட்டாதீர்கள். அதில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக டோர்ச் அடித்து நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாக, பளபளவென்று ஒரே சீராக இருந்தால் நல்லது. மாவு தூவியதுபோலவோ சிலந்தி நூல் ஓடியதுபோலவோ வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். கடலோர வீட்டு அலுமாரியில் இருபது வருடம் கிடந்தது என்றால் பூத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த நாடாவின் அகலம் 6.35 மில்லிமீற்றர். அதில் ஒவ்வொரு தடமும் வெறும் 10 மைக்ரோன். அதைப் படிக்கும் உருளை நிமிடத்துக்கு 9,000 தடவை சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஒரு பூஞ்சணத் துணுக்கு மாட்டினால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு யோசிக்கத் தேவையில்லை. அப்பா பேசிய ஒரே ஒரு வீ.எச்.எஸ் நாடா என்னிடம் இருந்தது, அக்காவின் கல்யாணத்தில் எடுத்தது. இறுவட்டாக மாற்றித் தரச்சொல்லி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். வெள்ளையாக ஏதோ இருக்கிறதே என்றேன். "அது தூசி, ஓடினால் போய்விடும்" என்றார் அந்தப் பையன். இருபது நொடி ஓடியது. அப்பா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். படத்தில் கிடையாகக் கோடுகள் விழுந்தன. உள்ளே ஒரு கிறீச்சல். திறந்து பார்த்தபோது நாடா கொசுவலைக் கிழிசல்போல் சுருண்டு கிடந்தது. அவர் என்ன சொல்ல வந்தார் என்று அக்காவுக்கும் நினைவில்லை. ஆகவே சுத்தம் செய்யத் தெரிந்த ஆளிடம், கூடுமானால் அன்று படம் பிடித்த அதே கமராவில், ஒரே தடவை ஓட்டிப் பதிவிறக்குங்கள். ஒரு மணி நேர நாடா சுமார் 13 கிகாபைட் வரும். நாடாவை மெதுவாக ஓட்டும் LP என்ற நீள ஓட்ட முறையில் அதிலேயே 90 நிமிடம் எடுத்திருந்தால் வேறு கமரா அதைப் படிக்க முரண்டு பிடிக்கும். எடுத்த கமராவைத் தேடச் சொல்வது அதனால்தான்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. வெளியிடக் கூடாது என்பது என் பதில். நான் மாமாவின் பக்கம்.

கன்ஸ் அன் ரோசஸ் உதாரணம் உங்களுக்கு உதவாது. அந்த வீடியோ யாருடைய அலுமாரியிலிருந்தும் நழுவி வரவில்லை. அவர்களுடைய முதல் அல்பத்தின் பெரிய மறுபதிப்போடு, அவர்கள் பெயரிலேயே வந்தது. 29 வருடம் பூட்டிவைத்தவர்கள் தாங்களே பூட்டைத் திறந்தார்கள். உங்கள் கதையில் பூட்டியவர்கள் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், இருவரும் வேண்டாம் என்கிறார்கள். சட்டமும் அவர்கள் பக்கம்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள், கசெட் உங்கள் கையில் கிடைத்ததால் பாட்டு உங்களுடையதாகிவிடாது. ஆனால் மாமாவுக்கும் மருமகனுக்கும் இடையில் சட்டத்தை இழுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொல்ல வருவது வேறு.

நீங்கள் "கூச்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு. எத்தனை திருவிழா, எத்தனை இரவு, சேர்த்த காசு முழுவதும் ஒரு வீடியோவில். இருபது இருபத்திரண்டு வயது. முடித்துப் போட்டுப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, இது சரியில்லை, வேண்டாம் என்கிறார்கள். அந்த வயதில் எனக்கு அது முடிந்ததில்லை. எழுதியதையெல்லாம் அச்சுக்குக் கொடுத்தேன். இன்று பழைய சஞ்சிகைகளைச் சேகரிக்கிறேன் என்ற பெயரில் நான் தேடி வாங்குவது பெரும்பாலும் என்னுடைய அந்தக் கதைகள் வந்த இதழ்களைத்தான், வேறு யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று. உங்கள் மாமாவுக்கு இந்தச் செலவு இல்லை.

அவர்கள் தீர்ப்பு சரியானதுதான் என்று அந்த ஜக்கெட்டுகளே சொல்கின்றன. ஆகஸ்டு மாதம், கச்சான் காற்று அனலாக அடிக்கிற நேரம், டச்பே மணலில் கறுப்புத் தோல் ஜக்கெட்! 1982இல் டுரான் டுரான் குழு இலங்கைக்கு வந்து இரண்டு மூன்று பாட்டுகளுக்குப் படம் பிடித்தது. சிகிரியாக் குன்று, யானை, காடு, கடல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். வெளியூர்க்காரனுக்கு இங்கே இருப்பதெல்லாம் அலங்காரம். நம் பிள்ளைகள் அதற்கு நேர்மாறாக, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைக் குன்றையும் கரைவலையையும் படச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, எங்கோ குளிர்ப்பிரதேசத்தில் நிற்பதுபோல் நின்றிருக்கிறார்கள். முடித்துப் பார்த்தபோது அது அவர்கள் கண்ணிலேயே பட்டிருக்கும். மான் ஒன்றுதான் யாருக்காகவும் நடிக்கவில்லை. ஊரெல்லாம் திரியும் கோட்டை மான்களுக்குப் பஸ் நிலையமும் ஒன்றுதான், படப்பிடிப்பும் ஒன்றுதான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரித்தானிய ரொக் குழுவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1968 டிசம்பர் 11ஆம் தேதி இலண்டனில் சர்க்கஸ் கூடாரம்போல் அரங்கம் அமைத்து, த ஹூ, ஜெத்ரோ டல், ஜோன் லெனன் என்று பெரிய ஆட்களையெல்லாம் கூட்டி ஒரு நிகழ்ச்சி எடுத்தார்கள். ஸ்டோன்ஸ் மேடையேறும்போது விடியப்போகும் நேரமாகிவிட்டது. எல்லோருக்கும் களைப்பு. விருந்தாளிகள் வீட்டுக்காரனைவிட நன்றாக வாசித்துவிட்டார்கள் என்றுதான் அதைப் பூட்டிவைத்தார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. 1996இல்தான் வெளிவந்தது. நான் அதைப் பார்த்தபோது பாட்டு எதுவும் மனதில் ஒட்டவில்லை. ஸ்டோன்ஸின் கிற்றார்க்காரர் பிரையன் ஜோன்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் பிடித்ததற்கு அடுத்த ஜூலையில் அவர் இறந்துபோனார். படம் பிடித்த அன்று அவர் வாசிப்பவர்களில் ஒருவர், அவ்வளவுதான். பார்க்கிறவன் வேறொன்றைத் தேட ஆரம்பித்த பிறகு, எடுத்தவர்கள் எதற்காக எடுத்தார்கள் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

உங்கள் மூன்றாவது கசெட்டைப் பற்றி இப்படித்தான் நினைக்கிறேன். சம்பந்தமில்லாத ஆறு நிமிடம் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே அதுதான் பெரிய செய்தி. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர், நாட்டிலேயே நீளமான பாலம் என்று அன்று எல்லோரும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். அதோடு பாதை போய்விட்டது. உங்கள் வயதுக்காரர்களிடம் "பாதையில் போனோம்" என்றால் தெருவில் போனதாக நினைக்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் ஒரு தட்டு, அதில் சைக்கிள், ஆடு, சீருடைப் பிள்ளைகள், வாயை இலையால் மூடிக் கட்டிய தயிர்ச்சட்டிகள். வெயிலில் நின்றுகொண்டே கல்யாணம் பேசி முடித்தவர்கள் உண்டு. நான் அதில் நூறு தடவை போயிருப்பேன். என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. யாருக்கு அதைப் படம் பிடிக்கத் தோன்றும்? கமராக்காரர் மறுகரைக்குப் போகிற வழியில் பொழுது போகாமல் பொத்தானை அழுத்தியிருப்பார்.

டச்பே காட்சிகளும் அப்படித்தான். ஜக்கெட்டுகளுக்குப் பின்னால் தெரிவது சுனாமிக்கு நான்கு மாதம் முந்தைய கரை. அங்கே நிற்கும் வள்ளங்களின் பெயர்களைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தால் நிதானமாகப் பாருங்கள். அதில் சிலரை அவர்கள் வீட்டார் இந்த வயதில் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம். அதனாலேயே அதையும் எடுத்த எடுப்பில் உலகத்துக்குக் காட்டிவிடாதீர்கள். முதலில் அந்தத் தெருவில் காட்டுங்கள். ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் நாலு வீட்டில் உட்கார்ந்தால் போதும், யார் யார் என்று அவர்களே சொல்வார்கள். எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எரிக்கவும் வேண்டாம். மாமா "எரி" என்றது வீடியோவை. அது அவருக்குப் பிடிக்காத மூன்று நான்கு நிமிடம். மீதி நாலு மணி நேரம் இருப்பதே அவருக்கு நினைவில்லாமல் இருக்கலாம். பாட்டைத் தொடாதீர்கள். புதிதாக வெட்டி ஒட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள். நீங்கள் எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது அவர்கள் வேண்டாம் என்றதையே அவர்கள் பெயரில் திரும்பச் செய்வதுதான். பாதையையும் கரையையும் தனியாகப் பிரித்து, ஒலியை அடக்கி, மாமாவை உட்காரவைத்துக் காட்டுங்கள். ஏதாவது பேச ஆரம்பித்தால் இடையில் கேள்வி கேட்காதீர்கள். தமிழ் ரொக் குழு இருந்ததற்குச் சாட்சி இல்லை என்கிறீர்களே, சாட்சி உங்கள் வீட்டு விறாந்தையில் சாரம் கட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள், அதற்கும் அவரிடம் கேட்டுவிட்டு.

இன்னொன்று. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழு "1979" என்ற பாட்டுக்கு ஒரு விருந்துக் காட்சியைப் படம் பிடித்தது. நாடாக்களைக் காரின் கூரைமேல் வைத்த ஞாபகமே இல்லாமல் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாடாக்கள் போனது போனதுதான். குழு திரும்பப் பறந்து வந்து அந்தக் காட்சியை மறுபடி எடுத்தது. நீங்கள் மோட்டார் சைக்கிளில் கசெட்டுகளைக் கொண்டு போவதாக இருந்தால் தகரத்தைப் பைக்குள் வையுங்கள். அந்தப் பாதையை மறுபடி போய் எடுக்க முடியாது.

மாமா சம்மதித்தால் மான் வரும் பகுதியை மட்டும் எனக்கு அனுப்புங்கள். அது தின்றது பல்லவியையா சரணத்தையா என்று தெரிந்துகொள்ள ஆசை.