முதுமையில் எது அதிகம் மாறுகிறது? உடம்பா, மனசா, பழக்கவழக்கமா?

எழுபதைத் தாண்டியவர்கள் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு 72. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. காரணம் என் காது.

முழங்கால் வலி, கண்புரை, ராத்திரி எழுந்து எழுந்து பாத்ரூம் போவது, விடிகாலை நாலு மணிக்கே முழிப்பு தட்டுவது எல்லாம் உண்டு. அதற்கெல்லாம் வீட்டில் அனுதாபம் கிடைக்கும். காது மந்தமானால் மட்டும் முதலில் கேலி, அப்புறம் எரிச்சல்.

வயதில் வரும் மந்தத்தில் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. உள்காதில் காக்லியா என்று சுருள் வடிவ உறுப்பு ஒன்று. அதன் வாசல் பக்கத்துச் செல்கள்தான் கீச்சென்ற ஒலிகளைப் பிடிப்பவை. முதலில் பழுதாவதும் அவைதான். போனால் திரும்ப முளைக்காது. பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, எப்படியோ காதில் விழுந்துவிடும். ச, த, ப போன்ற மெய்கள் நழுவிவிடும். சொல் தெளிவாவதே அவற்றால்தான். ஆக, பேச்சு கேட்கும், புரியாது. மருமகள் "காசு எங்கே மாமா?" என்றால் நான் காதைத் தொட்டுப் பார்ப்பேன். மகன் குரலைவிடப் பேத்தி குரல் கஷ்டம். மிக்ஸி ஓடினால் இரண்டும் போச்சு. உரக்கப் பேசினாலும் பிரயோஜனமில்லை. ஏற்கெனவே கேட்ட ஒலிதான் இன்னும் பெரிதாகக் கேட்கும், "ஏன் கத்துறே?" என்று நமக்கும் கோபம் வரும்.

"என்ன?" என்று ஒரு தடவை கேட்கலாம், இரண்டு தடவை கேட்கலாம். மூன்றாவது தடவை "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்பார்கள். என்னை ஒடுக்கியது அந்த "விடுங்க"தான். கோயில் பிராகாரத்தில் பென்ஷன்காரர்கள் கூடும் சாயங்கால அரட்டைக்குப் போவதைக் குறைத்தேன். எல்லாரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் எத்தனை நாள் சேர்ந்து சிரிப்பது? வீட்டிலோ "அப்பாவுக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தி" என்று என் எதிரிலேயே பேச்சு. (அது மட்டும் நன்றாகக் கேட்டது.) மறக்கவில்லை ஐயா, விஷயம் காதிலேயே விழவில்லை!

இதை லேசாக விடக்கூடாது. லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா (மறதி நோய்) குழு 2020, 2024 இரண்டு அறிக்கைகளிலும், நம்மால் சரிசெய்யக்கூடிய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகக் காது கேளாமையைச் சொல்லியிருக்கிறது. காது மந்தமானவர்களுக்கெல்லாம் மறதி நோய் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் "வயசானா அப்படித்தான்" என்று சும்மா இருக்க அது சாக்கு ஆகாது.

முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். சில பேருக்கு அதோடு சரியாகிவிடும். அப்புறம் கேட்கும் திறன் சோதனை. சத்தம் புகாத சின்ன அறையில் ஹெட்போனை மாட்டி உட்காரவைப்பார்கள், பீப் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். என் சோதனை முடிவின் வரைபடத்தில் கோடு இடப்பக்கம் ஒழுங்காக வந்து, வலப்பக்கம் போகப் போகச் சரிந்துவிட்டது. கீச்சொலிகளுக்கான பக்கம் அதுதான்.

அதன் பிறகு காது மிஷின் வந்தது. மாட்டிய புதிதில் பேப்பர் புரட்டும் சத்தமே தலைவலி தந்தது. குக்கர் விசிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும் என்று கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்கள். அதற்குள் வெறுத்துப்போய் பீரோவில் பூட்டி வைத்தவர்களை எனக்கே தெரியும்.

இப்போது சாயங்கால அரட்டைக்குத் திரும்பப் போகிறேன். கல்யாண மண்டபத்தில்தான் மிஷின் உதவாது. மேளமும் ஸ்பீக்கரும் சேர்ந்தால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே பந்திக்குப் போய்விடுவேன். வீட்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காமல், எதிரே வந்து முகம் பார்த்து மெதுவாகச் சொல்லுங்கள். மருமகள் பெரும்பாலும் வந்து சொல்கிறாள். பேத்திதான் இன்னும் ஓடிக்கொண்டே பேசுகிறாள்.