குழந்தையின் பேச்சு: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். குழந்தையை நேரில் பார்க்காமல் சொல்லும் பதில்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான் வருகின்றன. ஆனால் நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான், விடு" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம், பதறவும் வேண்டாம். இரண்டு வயது முடியும்போது சுமார் 50 வார்த்தைகளும், 'அம்மா வா', 'பந்து போச்சு' என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்வதும் வந்திருக்க வேண்டும் என்பது பேச்சுப் பயிற்சி தரும் எங்கள் துறையில் வழக்கமாகப் பார்க்கும் அளவு. எண்ணும்போது கஞ்சத்தனம் வேண்டாம். பூனையைப் பார்த்தால் எப்போதும் 'மியா' என்கிறானா? அதுவும் வார்த்தைதான்.

இந்த அளவை எட்டாத குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். உங்கள் மாமியார் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. யார் எட்டிப் பிடிப்பார்கள் என்று இரண்டு வயதில் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை. அப்புறம், குடும்பத்தில் ஒருவர் தாமதமாகப் பேசியிருப்பதை எல்லோரும் ஆறுதலாகச் சொல்கிறார்கள். நாங்கள் அதைக் கூடுதல் கவனம் தேவை என்பதற்கான காரணமாகக் குறித்துக்கொள்வோம்.

புரிகிறது என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி "வெளிய போலாமா?" என்றால் எந்தக் குழந்தையும் ஓடிவரும். அவனுக்குப் புரிந்தது வார்த்தையா, செருப்பா? கையைக் காட்டாமல், கண்ணாலும் காட்டாமல், "கட்டில் மேல இருக்கிற பந்தை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். அதைச் செய்தால் நல்ல அறிகுறி. வானத்தில் விமானம் போனால் விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா, பொம்மையைத் தூங்க வைத்து விளையாடுகிறானா என்பதையும் கவனியுங்கள். இவையெல்லாம் இருந்தால் எனக்குக் கவலை குறையும்.

எப்படி இருந்தாலும் முதலில் காது பரிசோதனை. கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கு 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். பிறந்ததும் செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் போதாது. சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால், ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் மங்கிவிடும். குழந்தை ஒத்துழைக்குமா என்று யோசிக்காதீர்கள். ஓஏஇ (உட்செவியிலிருந்து திரும்பி வரும் ஒலியை அளப்பது), பெரா (ஒலிக்குக் காது நரம்பு காட்டும் எதிர்வினையை அளப்பது) போன்ற பரிசோதனைகளைத் தூங்கும்போதே செய்துவிடலாம்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஒன்று: பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் காணாமல் போனால், எந்த வயதானாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாரத்துக்கு ஒரு நாள், முக்கால் மணி நேரம்தான் பேச்சுத் தெரபி. மற்ற நேரத்தில் வீட்டில் நான் என்ன செய்வது? 'இது என்ன, அது என்ன' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவன் வாயே திறப்பதில்லை.

முதலில் அந்தக் கேள்விகளைப் பாதியாகக் குறையுங்கள். நாள் முழுக்க ஒருவர் உங்களைப் பரீட்சை வைத்துக்கொண்டே இருந்தால் நீங்களும் வாயை மூடிக்கொள்வீர்கள். பதில் தெரிந்தே கேட்கிறீர்கள் என்பது அவனுக்கும் தெரியும்.

அதற்குப் பதில், அவன் செய்வதைச் சொல்லுங்கள். கார் பொம்மையை உருட்டினால் "கார் போகுது… போகுது… விழுந்துடுச்சு!" அவன் 'கார்' என்றால் நீங்கள் 'சிவப்புக் கார்' அல்லது 'கார் வருது'. அவன் சொன்னதோடு ஒரு வார்த்தை கூட்டித் திருப்பிச் சொன்னால் போதும். "எங்கே, நீயும் சொல்லு" என்று முடிக்காதீர்கள்.

அடுத்தது, சும்மா இருப்பது. கேட்க எளிது, செய்யக் கடினம். ஊஞ்சலில் வைத்து "ஒண்ணு… ரெண்டு…" என்று சொல்லி நிறுத்துங்கள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் உங்கள் வாய் துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஏழில் கால் உதைப்பான், அல்லது 'ம்' என்பான், அல்லது 'மூ' வரும். எது வந்தாலும் அதை 'மூணு' என்றே எடுத்துக்கொண்டு ஆட்டிவிடுங்கள். அவன் குரல் கொடுத்தான், உலகம் நகர்ந்தது. இந்த அனுபவம் ஒரு நாளில் இருபது முறை கிடைக்கட்டும்.

பிடித்த பொம்மையை உள்ளே தெரியும்படி ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடிக் கொடுப்பதும் நல்ல உத்தி. திறக்கச் சொல்லி உங்களிடம் வந்தே ஆக வேண்டும். ஆனால் 'சொன்னால்தான் தருவேன்' என்று அழவிடாதீர்கள். அழுகிற குழந்தை வார்த்தை கற்றுக்கொள்வதில்லை. பத்து விநாடி காத்திருந்தும் ஒன்றும் வரவில்லையா, "திற" என்று நீங்களே சொல்லித் திறந்து கொடுங்கள்.

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். குளிக்கும்போது, சட்டை மாட்டும்போது, துணி மடிக்கும்போது செய்தாலே போதும்.

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். பேச்சு தாமதமாவதால் ஒரு மொழியை நிறுத்தச் சொன்னார்கள். எதை நிறுத்துவது?

எதையும் நிறுத்த வேண்டாம். இரண்டு மொழிகள் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. இரண்டிலும் உள்ள வார்த்தைகளைக் கூட்டித்தான் எண்ண வேண்டும். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் திட்டவும் கதை சொல்லவும் தடையில்லாமல் வருகிறதோ, அந்த மொழியில் பேசுங்கள். குழந்தைக்காகத் தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தால் பெரிய பயன் இல்லை. உண்மையான மொழிச் சிக்கல் இருந்தால் அது இரண்டு மொழிகளிலும் தெரியும். அதனால் தெரபிஸ்டிடம் போகும்போது இரண்டைப் பற்றியும் சொல்லுங்கள்.

மகளுக்கு மூன்று வயது. யூடியூப் பார்த்து ரைம்ஸ் எல்லாம் பாடுகிறாள். இருபது வரை எண்ணுகிறாள். ஆனால் தண்ணீர் வேண்டும் என்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போகிறாள். "தண்ணி வேணுமா?" என்றால் அவளும் "தண்ணி வேணுமா" என்கிறாள்.

அவள் நினைவாற்றல் அருமை. ஆனால் பாடுவதும் எண்ணுவதும் ஒப்பிப்பது. கேட்பதும் மறுப்பதும் காட்டுவதும்தான் பேச்சு. அதே சமயம், நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாளே, அதை வெறும் எதிரொலி என்று ஒதுக்க வேண்டாம். பெரும்பாலும் அவளுக்கு அது 'ஆமாம்' என்று அர்த்தம். அவள் சொல்ல வேண்டிய வார்த்தையை அவள் இடத்தில் இருந்து நீங்கள் சொல்லிக் கொடுங்கள்: "தண்ணி வேணும்."

போன் விஷயத்துக்கு வருகிறேன். 2003-இல் ஆய்வாளர் பாட்ரிசியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து விளையாடியபடி பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதே மாதிரிப் பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஆனால் போனை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். கையைப் பிடித்து இழுப்பது, திருப்பிச் சொல்வது, இவற்றோடு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதும் சேர்ந்திருந்தால் ஆட்டிசம் இருக்கிறதா என்று முறையாகப் பார்த்துவிடுவது நல்லது. இல்லை என்றால் நிம்மதி. இருந்தால், மூன்று வயதிலேயே தெரிந்துகொண்டது லாபம்.

நான்கு வயது மகன் 'க' எல்லாவற்றையும் 'த' என்கிறான். ஜன்னலில் காக்கா வந்தால் "தாத்தா வந்தாச்சு" என்று கத்துகிறான். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறோம். திருத்த வேண்டுமா?

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் 'க' நாலு வயதுக்குள் வந்துவிட வேண்டிய ஒலி. இப்போது பயிற்சி தொடங்கலாம். ர, ற, ழ எல்லாம் கடைசியில் வருபவை, அவற்றுக்கு அவசரமில்லை. ('ழ' பெரியவர்கள் பலருக்கே இன்னும் வந்துசேரவில்லை.) ஓர் ஒலி மட்டும் மாறுவது ஒரு பக்கம். நாலு வயதில் வெளியாளுக்கு அவன் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் தாமதிக்காதீர்கள்.

உங்கள் மகன் தந்த ஜோடியே பயிற்சிக்குப் பொருத்தமானது. ஒரு அட்டையில் காக்கா, இன்னொன்றில் தாத்தா. முதலில் நான் சொல்வேன், அவன் சரியான அட்டையை எடுக்க வேண்டும். காதுக்கு வேறுபாடு தெரிகிறதா என்று பார்க்கத்தான் இது. பிறகு இடம் மாறுவோம்: அவன் கேட்பான், நான் கொடுப்பேன். காக்கா வேண்டும் என்று நினைத்து "தாத்தா குடு" என்பான். நான் தாத்தாவை நீட்டுவேன். அப்போது முகத்தில் வரும் குழப்பம் இருக்கிறதே, அங்கேதான் வேலை நடக்கிறது. தான் நினைத்தது வேறு, வெளியே போனது வேறு என்று அவனாகக் கண்டுபிடிக்கிறான். நாக்கின் பின்பகுதியைத் தூக்குவது எப்படி என்று அதற்கு அப்புறம் சொல்லிக் கொடுத்தால் ஏறும்.

நீங்கள் அவனைப் போலவே "தாத்தா வந்தாச்சா?" என்று பேசிப் பாருங்கள், "தாத்தா இல்ல, தாத்தா!" என்று கோபப்படுவான். 1960-லேயே பெர்கோ, பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் பதிவு செய்த விஷயம் இது. தன் வாய்க்கு வராத வேறுபாடு குழந்தையின் காதுக்குத் தெரியும். அதனால் மழலையாகத் திருப்பிப் பேசாதீர்கள். "ஆமா, காக்கா வந்தாச்சு" என்று இயல்பாகச் சொல்லுங்கள்.

ஊதல் ஊதுவது, நாக்கை நீட்டி மடக்குவது போன்ற பயிற்சிகள் உதவுமா?

ஒலிகளைத் திருத்த அவை உதவுவதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. பேசினால்தான் பேச்சு பழகும். சோப்புக் குமிழி மட்டும் எனக்குப் பிடிக்கும். 'ஊது', 'இன்னும்', 'போச்சு' மூன்றும் அதில் தானாக வரும்.

மூன்றரை வயது மகள் ஒரு மாதமாகத் திடீரென்று "நா நா நா நான்" என்று திக்குகிறாள். எதையாவது பார்த்துப் பயந்திருப்பாளா?

பயத்தாலோ, உங்கள் வளர்ப்பாலோ வருவதில்லை. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் இப்படித் திடீரென்று தொடங்குவது வழக்கம்தான். நூற்றில் ஐந்து குழந்தைகளுக்காவது வரும். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். "மெதுவா பேசு", "யோசிச்சு சொல்லு" வேண்டாம். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அவள் முடிக்கும் வரை கண்ணைப் பார்த்துக் கேளுங்கள், வார்த்தையை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். ஆறு மாதத்தைத் தாண்டினாலும், குடும்பத்தில் யாருக்காவது திக்குவாய் இருந்தாலும் தெரபிஸ்டைப் பாருங்கள். முகத்தைச் சுருக்கி, கழுத்தை இறுக்கித் தள்ளிப் பேசினாலோ பேசவே தயங்கினாலோ ஆறு மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

நாக்குக்கு அடியில் சவ்வு ஒட்டியிருக்கிறது. வெட்டிவிட்டால் பேசுவானா?

வார்த்தைகளே வராததற்கு அது காரணம் அல்ல. வெட்டினாலும் வார்த்தைகள் வந்துவிடாது. நாக்கு நுனி மேலே எழும்பாமல் சில ஒலிகள் மட்டும் தடைப்பட்டால், அப்போது பரிசீலிக்கலாம்.

வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்க மகனைப் பழக்கச் சொல்கிறார் தெரபிஸ்ட். அதிலேயே பழகிவிட்டால் அப்புறம் பேசவே மாட்டானே?

இந்தப் பயம் இல்லாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், முறையாகச் செய்யப்பட்டவை என்று எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் இருந்த யாருக்கும் படம், சைகை போன்றவற்றால் பேச்சு குறையவில்லை. பத்தில் ஒன்பது பேருக்குக் கொஞ்சமாவது கூடியது. படத்தை நீட்டும்போது நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும், அது முக்கியம். இன்னொன்று, தெரபி நடக்கும்போது உங்களையும் அறைக்குள் உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கதவுக்கு வெளியே காத்திருந்தால் படத்தை எப்படி நீட்டுவது, எப்போது காத்திருப்பது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.