இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் கருக்கலைப்பு கூடுகிறதா, குறைகிறதா?

"உண்டாகும் கருக்களில் கலைக்கப்படுவது ஒரு இடத்தில் 3 சதவீதம் என்று போட்டிருக்கிறது, இன்னொரு இடத்தில் மூன்றில் ஒன்று என்று போட்டிருக்கிறது. எது சரி? தமிழ்நாட்டு நிலவரம் என்ன? என் மாவட்டத்துக்கு எங்கே பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் 24 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கணக்கில் ஒரு சின்ன ஓரத்தை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த இரண்டு எண்ணும் உண்மையான ஆய்வுகளில் இருப்பவைதான். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் உண்டான கருக்களில் 2.9 சதவீதம் கலைக்கப்பட்டதாக வந்தது. நான்காவது கணக்கெடுப்பில் அது 3.4. இதை மட்டும் பார்த்தால் குறைகிறது என்று தோன்றும். ஆனால் 2015ஆம் ஆண்டுக்கு ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு 1 கோடியே 56 லட்சம். லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் 2017 கடைசியில் வெளிவந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 1,000 பேருக்கு 47 கலைப்புகள். அந்த வருடம் உண்டான கருக்கள் 4 கோடியே 81 லட்சம், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அதே காலத்தில் அரசு அறிக்கைகளில் வந்ததோ வருடத்துக்குச் சுமார் 7 லட்சம்தான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒருமுறை எங்கள் ஊருக்குக் கணக்கெடுக்க இரண்டு பெண்கள் வந்தார்கள். வீடு காட்ட நான் கூடப் போனேன். திண்ணையில் மாமியார் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மருமகளிடம், "கரு கலைஞ்சதோ கலைச்சதோ ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டார்கள். "அதெல்லாம் இல்லீங்கக்கா" என்றாள். முறத்தின் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது. ஏழு மாதத்துக்கு முன்புதான் அவளை நானே பஸ் ஏற்றி தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து கேட்டு எழுதும் எந்தக் கணக்கிலும் இந்த "இல்லீங்கக்கா" இருக்கும்.

2015 ஆய்வு பெண்களிடம் கேட்டதை நம்பிப் போகவில்லை. நாட்டில் விற்ற கருக்கலைப்பு மாத்திரைகளின் கணக்கை எடுத்தார்கள். அஸ்ஸாம், பீகார், குஜராத், மத்தியப் பிரதேசம், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம் ஆகிய ஆறு மாநிலங்களில் ஆஸ்பத்திரிகளில் நேரில் விசாரித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு அது. என் அனுபவத்துக்கு அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அரசுக் கணக்கு ஏன் குறைவு என்பதற்கு எங்கள் பதிவேட்டையே சொல்லலாம். தமிழ்நாட்டில் கர்ப்பம் என்று தெரிந்ததும் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) போட்டுப் பதிய வேண்டும். அப்புறம் அந்தக் கர்ப்பம் என்ன ஆனது என்று நாங்கள் கடைசி வரை எழுத வேண்டும். ஆனால் வேண்டாம் என்று முடிவு செய்தவள் பதியவே வர மாட்டாள். இருட்டின பிறகு வந்து, "நர்சம்மா, நாள் தள்ளிப் போயிருக்கு, யாருக்கும் சொல்லிடாதீங்க" என்பாள். மாத்திரையைத் தானே வாங்கிப் போட்டு ரத்தப்போக்கு நிற்காமல் வருபவளோ, "தானா கலைஞ்சிடுச்சு" என்பாள். தானாகக் கலைந்ததற்கு ஒரு கட்டம், டாக்டர் கலைத்ததற்கு வேறு கட்டம். அவள் சொன்ன கட்டத்தில் எழுதுவோம். எத்தனை பேரை நான் அப்படி எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். அந்த 2015 ஆய்வில் தமிழ்நாட்டின் விகிதம் 1,000 பெண்களுக்குச் சுமார் 33. அந்த ஆறு மாநிலங்களில் இதுதான் குறைவு. அஸ்ஸாம் 66. நம் மாநிலத்தில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் அதிகம். ஐந்தாவது கணக்கெடுப்பின்படி கல்யாணமான பெண்களில் 100க்கு 58 பேர். ஆண்கள் ஆயிரத்தில் ஒருவர்கூடக் கஷ்டம். ஆபரேஷனுக்குப் பிறகு கவலை இல்லை, சரி. அதற்கு முன்னால்? முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளிக்கு ஏதாவது செய்தவர்களை நான் பார்த்தது குறைவு. என்னிடம் ரகசியமாக வந்தவர்களில் பெரும்பாலோர் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள்தான். ஊரார் நினைப்பது போல கல்யாணமாகாத பெண்கள் அல்ல.

அவர்களில் பலர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கியதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில், "கலைக்கணும்னா கையோட ஆபரேஷனும் பண்ணிக்க" என்று கட்டாயப்படுத்துவார்கள். இன்னொரு இடத்தில் புருஷன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்பார்கள். 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும் என்பதுதான் 1971ஆம் ஆண்டுச் சட்டம். 2021 திருத்தத்தில் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும் என்று ஆக்கினார்கள். குறிப்பிட்ட சிலருக்கு 24 வாரம் வரை, இரண்டு டாக்டர்களின் கருத்தோடு. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கல்யாணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டாள்.

மாத்திரை விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நம் ஊர் மருந்துக் கடைகளில் இது கிடைப்பது அரிது. பெண் சிசுவைக் கலைக்கப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். சேலம், தருமபுரியில் பெண் சிசுக்களைக் கொன்ற பழைய கதை நமக்குத் தெரியும், பயம் நியாயம்தான். 2001 கணக்கெடுப்பில் சேலத்தில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். ஆனால் மாத்திரைக்கு அனுமதி 9 வாரம் வரைதான். அதற்குள் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியவே தெரியாது. தடுக்க வேண்டியது ஸ்கேன் அறையில் பாலினம் சொல்வதை. டாக்டர் சீட்டோடு வருபவளுக்கு மாத்திரை இல்லை என்றால், அவள் யாரிடமோ கேட்டு எப்படிப் போடுவது என்று தெரியாமல் போட்டுக்கொள்கிறாள்.

கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். 1966இல் அரசு அமைத்த சாந்திலால் ஷா குழு வருடத்துக்கு 39 லட்சம் என்றது. 2002க்கு 64 லட்சம் என்றார்கள். 2015க்கு 1 கோடியே 56 லட்சம். ஒவ்வொன்றும் வேறு வழியில் போட்ட கணக்கு, ஜனத்தொகையும் பெருகியிருக்கிறது. ஆகவே மூன்றையும் கோடு போட்டு இணைக்க முடியாது. அடியோடு மாறியிருப்பது எங்கே, எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான். 2015இல் நடந்தவற்றில் 81 சதவீதம் மாத்திரையால். அப்படி மாத்திரையால் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்தவை மட்டும் 1 கோடியே 15 லட்சம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு ஜன்னியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெறும்போது அது அநேகமாக இல்லை. அந்த அளவில் எனக்கு நிம்மதி.

மாவட்டக் கணக்குக்கு மத்திய சுகாதாரத் துறையின் எச்.எம்.ஐ.எஸ். தளத்தைப் பாருங்கள். 12 வாரம் வரை கலைத்தது, அதற்கு மேல் கலைத்தது, தானாகக் கலைந்தது, கலைப்புக்குப் பிறகு சிக்கல் என்று தனித்தனியாக இருக்கும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு வருடம் முதல் இரண்டிலும் எல்லா மாதமும் பூஜ்யம், தானாகக் கலைந்ததும் சிக்கலும் மட்டும் ஏறிக்கொண்டே போயின. கருக்கலைப்பில் பயிற்சி பெற்ற டாக்டரம்மா மாற்றலாகிப் போய், அந்த இடத்துக்கு யாரும் வராததுதான் காரணம். ஆய்வுக் கூட்டத்தில், "இங்கே கருக்கலைப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது" என்று வாசித்தார்கள். நான் எழுந்து டாக்டர் இல்லை என்று சொன்னேன். அடுத்த டாக்டர் வர இன்னும் ஐந்து மாதம் ஆனது.