வாசகர் கேள்வி – பதில்: பேர்த்ஷயர் மலைச்சாரலின் சிறு வடிசாலை

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு டன்சினன் என்ற பெயர் ஸ்கொட்லாந்தின் பேர்த்ஷயரிலுள்ள ஒரு குன்றிலிருந்து வந்தது என்று பாடசாலையில் படித்திருக்கிறேன். அதே பேர்த்ஷயரில் மிகச் சிறிய விஸ்கி வடிசாலை ஒன்று இன்றும் பழைய முறையில் இயங்குவதாகக் கேள்விப்பட்டேன். அதன் வரலாறு என்ன? அது ஏன் பெரிதாக வளரவில்லை?
– வாசகர் ஒருவர், பூண்டுலோயா

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது எட்ரடவர் வடிசாலையாகத்தான் இருக்க வேண்டும். பிட்லொக்ரி என்னும் சிற்றூருக்கு அருகே, மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடையை ஒட்டி, வெள்ளையடித்த சுவர்களும் சிவப்புக் கதவுகளுமாக நிற்கும் அந்தக் கட்டடங்களைத் தொலைவிலிருந்து காண்பவர்கள் பண்ணை வீடுகள் என்றே எண்ணுவார்கள். உண்மையிலும் அது பண்ணைக்காரர்களின் தொழிலாகத் தொடங்கியதுதான்.

ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு விவசாயிகள் அறுவடையில் மிஞ்சிய பார்லியை வீட்டிலேயே வடித்து வந்தவர்கள். வரி தாங்க முடியாததாக இருந்தமையால் பெரும்பாலானோர் அனுமதியின்றியே வடித்தனர். மதுவரி அதிகாரிகள் தேடி வந்தால் வடிகலனைத் தூக்கிக்கொண்டு மலைக்குள் மறைந்தனர். 1823ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. வரி பெருமளவு குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 10 பவுண் செலுத்தினால் 40 கலோனுக்குக் குறையாத கொள்ளளவுள்ள வடிகலனை வைத்துச் சட்டப்படி தொழில் செய்யலாம் என்றாயிற்று. எட்ரடவர் தன் தொடக்கமாகக் கொள்ளும் ஆண்டு 1825. அப்பகுதி விவசாயிகள் சிலர் கூடி அமைத்த வடிசாலை அது. கசிப்பு நம் லயங்களில் எத்தனை குடும்பங்களைச் சீரழித்திருக்கிறது என்பதை அறிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: தண்டனையைக் கூட்டுவதால் மட்டும் ஒழியாத கள்ள வடிப்பு, சட்டவழி எட்டக்கூடியதாக ஆனபோதே அங்கு வேகமாகக் குறைந்தது.

இனி அங்குள்ள முறையைப் பார்ப்போம். முளைகட்டிய பார்லியைச் சூளையில் காய வைத்து முளைப்பை நிறுத்துவார்கள். புளிக்கவிட்ட தேயிலைக் கொழுந்தை உலர்த்தியில் இட்டுப் புளிப்பை நிறுத்தும் நம் தொழிற்சாலை வேலையைப் போன்றதுதான் இது. (எட்ரடவர் இப்போது முளைத்தானியத்தை வெளியிலிருந்து வாங்குகிறது.) அரைத்த தானியத்தைச் சுடுநீரில் ஊறவைத்து இறக்கும் இனிப்புச் சாற்றை ஆறவைக்க, மோர்டன் குளிரூட்டி என்னும் திறந்த தொட்டியில், குளிர்நீர் ஓடும் உலோகத் தகடுகளிடையே ஓடவிடுகிறார்கள். மற்ற வடிசாலைகள் கைவிட்ட கருவி இது. 1934ஆம் ஆண்டுக் கருவி தேய்ந்துபோனபோது, நவீன மாதிரிக்கு மாறாமல், அதே வடிவத்தில் புதிதாகச் செய்வித்தார்கள். பின்னர் மரத் தொட்டிகளில் நொதித்த சாறு, ஏறக்குறைய 4,200 லீற்றரும் 2,200 லீற்றரும் கொள்ளும் இரண்டு செப்பு வடிகலன்களில் அடுத்தடுத்து வடிக்கப்படுகிறது. எழும் ஆவி, குளிர்நீர் நிறைந்த மரத் தொட்டிக்குள் சுருள் சுருளாக அமிழ்ந்திருக்கும் செப்புக் குழாய் வழியே சென்று திரவமாகிறது. இன்றைய குளிர்விப்பான்களோடு ஒப்பிட்டால் இதில் ஆவி செம்பைத் தொடும் பரப்புக் குறைவு. அதனால் கந்தகச் சேர்மங்கள் முழுமையாக நீங்காமல், வடிநீர் கனமும் எண்ணெய்ப் பசையும் உடையதாக அமைகிறது. பழங்கருவிகளை அங்கே வைத்திருப்பது பார்வைக்காக அன்று என்பதற்கு இதுவே சான்று.

பெரிதாக வளராமைக்குக் காரணம் இருபதாம் நூற்றாண்டில் இருக்கிறது. 1933இல் வில்லியம் வைட்லி என்ற வணிகர் இதனை வாங்கினார். மதுவிலக்குக் கால அமெரிக்காவுக்குள் இவருடைய சரக்குகள் கள்ளவழியில் சென்றன என்பது பரவலாக எழுதப்பட்ட செய்தி. அவருக்கு எட்ரடவர் தேவைப்பட்டது, கிங்ஸ் ரான்சம் போன்ற தம் கலவை விஸ்கிகளில் சேர்ப்பதற்கே. தனிப் பெயரில் விற்கும் எண்ணம் இல்லாதபோது விரிவாக்கப் பணம் போடுவார் யார்? மின்சாரமே 1947இல்தான் வந்தது; அதுவரை நீர்ச்சக்கரமே துணை. இந்தக் கவனிப்பின்மைதான் அதைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. அக்கறையோடு ஒருவர் பணம் போட்டிருந்தால், அந்தச் செப்புச் சுருளும் திறந்த தொட்டியும் அப்போதே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

1982இல் பிரெஞ்சு மதுபானக் குழுமமான பெர்னோ ரிக்காரின் கிளை நிறுவனம் ஒன்று இதனை வாங்கியது. 2002இல், பிற வடிசாலைகளின் விஸ்கியை வாங்கிப் போத்தலில் அடைத்து விற்கும் சிக்னடரி நிறுவனத்தின் அன்ட்ரூ சைமிங்டன் கைக்கு மாறியது. நீண்ட காலம் மூவர் மட்டுமே வடிப்பு வேலை முழுவதையும் பார்த்துவந்த இடம் இது. தேவை பெருகியபோதும் பழைய கலன்களை மாற்றாமல், ஓடைக்கு மறுகரையில் அதே அளவிலும் அதே முறையிலும் இரண்டாவது வடிசாலை ஒன்றைக் கட்டி 2018இல் இயக்கத் தொடங்கினார்கள். உற்பத்தியைக் கூட்டவும் வேண்டும், தன்மை மாறவும் கூடாது என்று எண்ணும் எந்தத் தொழிலும், நம் தேயிலை உட்பட, கருத்தில் எடுக்க வேண்டிய முடிவு அது.

கேள்வி: விஸ்கியை மூன்று ஆண்டுகள் பீப்பாயில் வைப்பது இத்தகைய பழைய வடிசாலைகளின் மரபா, சட்டமா?
– வாசகி ஒருவர், பண்டாரவளை

பதில்: இப்போது சட்டம். முதலாம் உலகப் போரின்போது, குடியினால் ஆயுதத் தொழிற்சாலை வேலை பாதிக்கப்படுவதாகக் கருதிய பிரித்தானிய அமைச்சர் லொயிட் ஜோர்ஜ் மதுவைக் கடுமையாகக் கட்டுப்படுத்த முனைந்தார். அதன் விளைவாக, பழகாத கடும் வடிநீரைத் தடுக்க 1915இல் வந்த சட்டம், குறைந்தது இரண்டு ஆண்டுகள் களஞ்சியத்தில் வைத்திருக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு அது மூன்றாக்கப்பட்டது. கட்டுப்பாடாக விதிக்கப்பட்ட அந்தக் காலமே பின்னர் ஸ்கொச் விஸ்கியின் தர அடையாளமாயிற்று. எட்ரடவரின் வழக்கமான விஸ்கி அதற்கும் மேலாகப் பத்து ஆண்டுகள் பீப்பாயில் இருக்கிறது.